தானே பிழை காணும் கருவிகள்

அளவுக்கருவி எதுவும் பிழையற்றதன்று என்பது பௌதிகம் பயில்வோர் ஆய்வகத்தில் முதல் நாளிலேயே கற்கும் பாடமாகும். திருகு அளவியின் பூஜ்யப் பிழையை முதலில் குறித்துக்கொண்ட பின்னரே கம்பியின் விட்டத்தை அளக்க வேண்டுமென்று நாம் மாணவர்க்கு வற்புறுத்துகிறோம். ஆனால் இந்நாளில் அப்பிழையைக் கண்டு திருத்தும் வேலையே மனிதர் கையை விட்டு நீங்கி, கருவியினிடமே ஒப்படைக்கப்பட்டுவிட்டது. தானியங்கி வானிலை நிலையத்தின் மின்னணுப் பெட்டி தன் பூஜ்யத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. தனக்கு ஐயமாகத் தோன்றும் அளவைத் தானே விலக்குகிறது. ராக்கெட்டினுள் உள்ள கணிப்பொறியோ தன் உணர்விகளில் எது நம்பத்தக்கது, எது பழுதுற்றது என்று கண் இமைக்கும் நேரத்துக்குள் தீர்ப்பளித்து, அத்தீர்ப்பின்படி நடக்கவும் செய்கிறது.

இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும், கருவி தன்னைக் குறித்துத் தானே கூறும் சாட்சியத்தை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்ற வினா நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் போதிய அளவு எழவில்லை. பழுதைக் கண்டறியும் அமைப்பும் ஓர் அளவுக்கருவியே. அதற்கும் வரம்பு உண்டு, பிழை உண்டு, அதனையும் அளவுதிருத்தம் செய்தாக வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இக்கருத்தை ஆராய்வதற்குத் திருவனந்தபுரத்தினும் பொருத்தமான ஊர் இந்தியாவில் அரிது. காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

முதலில் தானியங்கி அளவுதிருத்தம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். ஓர் உணர்வி தரும் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கி, அதனை எண்ணாக மாற்றுவதே இத்தகைய மின்சுற்றின் பணி. பெருக்கியின் பூஜ்யமும் பெருக்க வீதமும் வெப்பத்தாலும் காலத்தாலும் மெல்ல மெல்ல நகரும். ஆகவே, சுற்றின் வாயிலில் ஒரு மின்னணுச் சாவியை வைத்து, உணர்வியை இடையிடையே கழற்றிவிட்டு, முதலில் தரை இணைப்பையும், அடுத்து நன்கறிந்த ஓர் ஒப்பு மின்னழுத்தத்தையும் மாறிமாறி இணைக்கின்றனர். எடுத்துக்காட்டாக, தரையை இணைத்தபோது 12 என்ற எண்ணும், 4 வோல்ட்டை இணைத்தபோது 3,212 என்ற எண்ணும் கிடைப்பதாகக் கொள்வோம். ஒரு வோல்ட்டுக்கு 800 எண்கள் என்பது விளங்கும். உணர்வியை இணைத்தபோது 2,012 வருமாயின், 12-ஐக் கழித்து 800-ஆல் வகுக்க 2.5 வோல்ட் என்றாகும். நண்பகல் வெயிலில் பெட்டி சூடேறியதும் அதே மூன்று எண்கள் 20, 3,284, 2,060 என்று மாறிவிடலாம். பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தால் 2.56 வோல்ட் என்று தவறாகப் படிப்போம். ஒரு டிகிரிக்கு 0.08 வோல்ட் தரும் வெப்ப உணர்வியில் இது முக்கால் டிகிரிப் பிழை. வானிலைப் பதிவில் இதைச் சிறிதென்று கொள்ள இயலாது. புதிய எண்களைக் கொண்டு கணக்கிட்டாலோ, ஒரு வோல்ட்டுக்கு 816 எண்களாகி, விடை மீண்டும் 2.5 வோல்ட்டாகவே வந்து நிற்கிறது.

இம்முறை புதியதன்று. பலூனில் ஏறிச் செல்லும் ரேடியோசாண்டு கருவிகளின் பழைய வகை ஒன்றில், காற்றழுத்தப் பெட்டியின் அசைவாலேயே நகரும் ஒரு தொடுகை, வெப்பம், ஈரப்பதம், மாறாத ஒப்புத் தடை ஆகியவற்றை முறைவைத்து வானொலிச் சுற்றில் இணைத்துக்கொண்டே மேலேறும். கீழே இருப்பவர் ஒப்புத் தடையின் சைகையைப் பார்த்து, சுற்று நகர்ந்த அளவைத் திருத்திக்கொள்வார். அன்று காகிதச் சுருளில் கோல் வைத்துத் திருத்தியதை இன்று நிரலே செய்துவிடுகிறது.

இம்முறை எதைத் திருத்துகிறது, எதைத் திருத்துவதில்லை என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சாவிக்குப் பின்னால் உள்ள சுற்றை மட்டுமே இது காக்கும். சாவிக்கு முன்னால், வெளியில் நிற்கும் உணர்வியின் நிலை என்னவென்று அதற்குத் தெரியாது. வெப்பமானியை மூடிய வெண்தட்டுகளில் தூசி படிந்து நிறம் மங்கியிருக்கலாம். கவிழ்கிண்ண மழைமானியின் புனலில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். பக்கத்து மரத்தின் இலை விழுந்து துளையை அடைத்திருக்கலாம். இடவப்பாதி மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும் நாளிலும் அம்மழைமானி பூஜ்யம் என்றே அனுப்பிக்கொண்டிருக்கும். மின்சுற்றோ ஒவ்வொரு மணிக்கும் தன்னைச் சோதித்து, யாவும் நலம் என்று உடன் அறிவிக்கும். பூஜ்யம் என்பது ஏற்கத்தக்க அளவே ஆதலால், வரம்புச் சோதனையும் அதனை விலக்காது. இதனைக் கண்டுபிடிக்கக்கூடியவை இரண்டே: அருகிலுள்ள மற்றொரு நிலையத்தின் பதிவு, அல்லது ஏணியிலேறிப் புனலுக்குள் எட்டிப் பார்க்கும் களப்பணியாளரின் கண்.

பிழை காணும் சோதனைகளும் பலவகை. அளவு உரிய எல்லைக்குள் உளதா என்பது ஒன்று; முந்தைய அளவினின்று இயற்கைக்கு மாறான வேகத்தில் தாவியுள்ளதா என்பது மற்றொன்று. ஒரே பொருளை அளக்கும் பல உணர்விகளை ஒப்பிட்டு, பெரும்பான்மைக்கு மாறுபட்டதை ஒதுக்குவது வேறொன்று. எண்களாக மாறியபின் வழியில் சிதையாமலிருக்க, அவற்றோடு சோதனை எண்களையும் சேர்த்தனுப்பும் வழக்கம் உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட குறியீட்டு முறை இதில் புகழ்பெற்றது. விடுமுறை நாள்களில் ஆளின்றி ஓடிய கணிப்பொறி, பிழை கண்டதும் கணக்கைக் கைவிட்டு நின்றுவிட்டதால் எரிச்சலுற்று அவர் அம்முறையைத் தேடினார் என்பர். எண் சிதைவதைப் பொறுத்தமட்டில் இக்கலை ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது எனலாம். எண் சிதையாமலே பொய்யாக இருக்கும்போதும், பொய்போலத் தோன்றியும் மெய்யாக இருக்கும்போதும்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

திருவனந்தபுரம் இவ்வினாவுக்குப் பொருத்தமான ஊர் என்றோம். இந்தியாவின் ஏவுகலங்களை வடிவமைக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இங்குத் தும்பாவிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் அமைந்துள்ளது. அக்கலங்கள் தம் வழியைத் தாமே உணர்வதற்குரிய நிலைமக் கருவிகளை ஆக்கும் நிலையம் வட்டியூர்க்காவில் உள்ளது. எனவே 2022 ஆகஸ்ட் 7-ஆம் நாள் நிகழ்ந்ததை இவ்வூரார் வெறுஞ் செய்தியாகப் படித்திருக்க மாட்டார்கள்.

அன்று காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ஏவுகலம் முதன்முறையாக ஏவப்பட்டது. அது சுமந்து சென்றவை இரு செயற்கைக்கோள்கள்: ஒன்று இ.ஓ.எஸ்.-02, மற்றொன்று 8 கிலோகிராம் எடையுள்ள ஆசாதிசாட். பின்னதில் இருந்த 75 சிறு கருவித்தொகுதிகளை நாடெங்கும் உள்ள அரசுப் பள்ளிகளின் மாணவியர் 750 பேர் உருவாக்கியிருந்தனர். திண்ம எரிபொருள் கொண்ட மூன்று கட்டங்களும் குறைவின்றி எரிந்தன. ஆயினும் 356 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதையில் சேர வேண்டிய கோள்கள், ஒருபுறம் 360.56 கி.மீ., மறுபுறம் 75.66 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விடப்பட்டன. 76 கி.மீ. உயரத்தில் காற்று இன்னும் இருக்கிறது. அங்கு எக்கோளும் நிலைத்துச் சுற்ற இயலாது. அவை பயன்படாமற் போயின.

காரணத்தை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் மறைக்கவில்லை என்பது பாராட்டத்தக்கது. இரண்டாம் கட்டம் பிரிந்த தருணத்தில், கருவிகள் பொருத்தப்பட்ட தளம் மிகச் சிறிது நேரம் கடுமையாக அதிர்ந்தது. அவ்வதிர்வு நிலைமக் கருவியின் அளவுகளைத் தாக்கியது. உடனே பழுதறியும் நிரல், உணர்விகள் கெட்டுவிட்டன என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின்மேல், இயன்ற மட்டும் பயணத்தை மீட்பதற்கென வகுத்திருந்த மாற்று வழியில் கலம் செலுத்தப்பட்டது. அவ்வழி கோள்களை நிலையான பாதையில் சேர்க்கப் போதவில்லை.

இந்நிகழ்ச்சியின் நுட்பத்தை ஆசிரியர்கள் கவனித்தல் வேண்டும். பழுதறியும் நிரல் தன் வேலையைச் செய்யாமல் விடவில்லை. எழுதிக்கொடுத்த விதிப்படியே செய்தது. வரம்பைக் கடந்த அளவு வரம்புக்கு உரிய காலத்துக்கும் மேல் நீடித்தால் அது பழுது என்பது விதி. அவ்விதியை வகுத்தபோது கருதப்பட்ட அதிர்வு ஒன்று. வானில் நேர்ந்த அதிர்வு வேறொன்று. உடல்நலமுள்ள ஒருவன் ஓடும் வண்டி குலுங்கியபோது தடுமாறினான் என்பதற்காக அவனைக் கண்பார்வையற்றவன் என்று பதிவுசெய்தால் எப்படியோ, அப்படியாயிற்று. தடுமாற்றம் மெய், நோய்க்குறிப்புதான் பொய்.

மற்றொரு நுட்பமும் உண்டு. பல உணர்விகளை வைத்துப் பெரும்பான்மை பார்ப்பது, அவை தனித்தனியே பழுதுறும் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்ட முறை. ஒரே தளத்தில் அடுத்தடுத்துத் திருகப்பட்ட உணர்விகளை ஒரே அதிர்வு ஒரே நேரத்தில் தாக்கும்போது அவ்வெண்ணம் தகர்ந்துபோகிறது. எண்ணிக்கையைக் கூட்டுவதால் இக்குறை தீராது. மூன்று சாட்சிகளும் ஒரே வதந்தியைக் கேட்டு வந்தவர்களாயின், மூவர் கூறினர் என்பதால் செய்திக்கு வலிமை ஏறுமா?

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1996 ஜூன் 4-இல் பிரெஞ்சு கயானாவில் ஏரியன் 5 ஏவுகலத்தின் முதற்பயணம் 40 விநாடிக்குள் அழிவில் முடிந்தது. அக்கதை நம் பொருளோடு இன்னும் நெருங்கியது. ஏனெனில் அங்குக் கேடு விளைத்தது தானியங்கி அளவுதிருத்தப் பகுதியே. நிலைமக் கருவியைத் தரையில் நேர்ப்படுத்துவதற்கான நிரற்பகுதி, முந்தைய ஏரியன் 4 கலத்தின் தேவைக்காக, ஏவிய பின்னரும் ஏறத்தாழ 40 விநாடி ஓடும்படி விடப்பட்டிருந்தது. ஏரியன் 5-இல் அதற்குப் பயனே கிடையாது. புதிய கலம் கிடைத்திசையில் பழையதினும் விரைந்து சென்றது. அதனால் ஓர் எண் பெருகி, 32,767-க்கு மேற்பட்டதைக் கொள்ளாத சிறு இடத்தில் நுழைய முயன்றது. கருவி தன்னைப் பழுதென்று அறிவித்து நின்றது. துணைக்கென வைத்திருந்த இரண்டாம் கருவியிலும் அதே நிரல் ஆதலால், அது அதற்கும் முன்பே, ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கும் ஆகாத நேர இடைவெளியில், நின்றுவிட்டிருந்தது. இறுதியில் கருவி அனுப்பிய பழுதறிக்கையை முதன்மைக் கணிப்பொறி பறப்பின் அளவென்று எண்ணி, பீச்சுக்குழல்களை முழு அளவுக்குத் திருப்பியது. கலம் உடைந்தது, நான்கு கிளஸ்டர் ஆய்வுக்கோள்களும் அதனோடு போயின.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இவ்வளவு அபாயமெனில் தானியங்கிச் சோதனையையே நீக்கிவிடலாமே என்று கேட்பர். அது பொருந்தாது. ராக்கெட்டில் விநாடியின் சிறு பகுதிக்குள் முடிவெடுக்க எம்மனிதராலும் ஆகாது. உணர்வி உண்மையிலேயே கெடும் நாளில் இச்சோதனையே கலத்தைக் காக்கும். மனிதப் பதிவும் குற்றமற்றதன்று. நள்ளிரவு அவதானத்தைக் காலையில் கற்பனையாக எழுதிய பதிவேடுகள் உலகெங்கும் உண்டு. வெப்பமானியைப் படிப்பவர் 0, 5 என்று முடியும் எண்களையே அதிகம் விரும்புவர் என்பதும் பலர் கண்டறிந்த உண்மை. இயந்திரத்துக்கு இத்தகைய சோம்பலோ சாய்வோ கிடையாது. எனவே, சோதிக்கும் அமைப்பு இருக்கத்தான் வேண்டும். நாம் கேட்பது, அதனையும் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பதே.

எவ்வாறு உட்படுத்துவது? பழுதான உணர்வியைப் பொருத்தி, அதனை நிரல் பிடிக்கிறதா என்று பார்ப்பது யாவரும் செய்வது. பழுதற்ற உணர்வியை இயற்கை தரக்கூடிய மிகக் கொடிய நிலைக்கு ஆட்படுத்தி, நிரல் பொறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பது பலர் செய்ய மறப்பது. முன்னதைக் காட்டிலும் பின்னது கடினம். கொடிய நிலை எது என்பதை முன்னரே அறிந்திருந்தாலன்றோ அதனை ஆய்வகத்தில் உண்டாக்க முடியும்! சிறு ஏவுகலத்தைப் பொறுத்தவரை, அதிர்ச்சி குறைந்த வேறொரு பிரிப்பு முறை இரண்டாம் கட்டத்துக்கு அமைக்கப்பட்டது. பழுதறியும் தர்க்கத்தின் நிபந்தனைகளும் மாற்றப்பட்டன. 2023 பிப்ரவரி 10-இல் இரண்டாம் பயணம் மூன்று கோள்களை 450 கி.மீ. வட்டப் பாதையில் சேர்த்தது. அவற்றுள் மாணவியரின் ஆசாதிசாட்-2 கோளும் ஒன்று. 2024 ஆகஸ்ட் 16-இல் மூன்றாம் பயணமும் வெற்றியுற்றது. அதிர்வையும் குறைத்தார்கள், நிரலின் பொறுமையையும் திருத்தினார்கள் என்பதே இங்கு அறியத்தக்கது. ஒன்றை மட்டும் செய்திருந்தால் அது அரைகுறை வேலையாகவே இருந்திருக்கும்.

ராக்கெட்டில் தவறான தீர்ப்பு நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். வானிலை, வளிமண்டலப் பதிவுகளிலோ அது ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கலாம். அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் குறைவதைத் தரையிலிருந்து டாப்சன் கருவியால் அளந்து 1985-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் பார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்னும் பிரிட்டிஷ் அறிஞர்கள். நிம்பஸ் 7 செயற்கைக்கோளும் அக்குறைவை அளந்தே வந்தது. ஆனால் 180 டாப்சன் அலகுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளை அதன் நிரல் ஐயத்துக்குரியவை என்று குறியிட்டு வைத்தது. அக்காலம்வரை உலகில் எங்கும் அத்துணைக் குறைந்த அளவு காணப்படவில்லை. ஆகவே அவ்வரம்பு அறிவுக்குப் பொருத்தமாகவே தோன்றியது. நற்பேறாக, அவ்வளவுகள் குறியிடப்பட்டனவே யன்றி அழிக்கப்படவில்லை. குறிகள் ஓரிடத்தில் குவிவதை ஆய்வாளர் கவனித்துப் பழைய பதிவுகளை மீளக் கணக்கிட்டபோது, ஓசோன் பள்ளத்தின் முழு உருவமும் படமாகக் கிடைத்தது. திருவனந்தபுரத்திலிருந்தும் ஓசோன் அளக்கும் பலூன்கள் விடப்பட்டு வந்திருக்கின்றன. இக்கதையை இவ்வூர் அவதானிகள் அயலார் கதையாகக் கொள்ளத் தேவையில்லை.

குறியிடுவதற்கும் அழிப்பதற்கும் உள்ள இவ்வேறுபாடு களப்பணியாளர்க்கு உயிர்நிலை போன்றது. இக்காலத்தில் சேமிப்பகம் மலிந்துவிட்டது. திருத்திய அளவோடு திருத்தாத எண்ணையும், தரை இணைப்பு, ஒப்பு மின்னழுத்தம் ஆகியவற்றின் எண்களையும் சேர்த்து வைப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. அவ்வாறிருந்தும், திருத்திய விடையை மட்டும் வைத்துக்கொண்டு மூல எண்ணை வீசிவிடும் கருவிகள் விற்பனையில் உள்ளன. அவற்றை வாங்குவதை நிறுத்த வேண்டும் என்று துணிந்து கூறுவேன். மூல எண் இல்லாத பதிவை எதிர்காலத்தவர் மறுபடி ஆராய வழியே இல்லை. மேலும், புயலும் பெருமழையும் வரும் நாளில்தான் அளவுகள் வழக்கமான எல்லையை மீறும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிமுனைக் கடலில் திடீரென வலுத்துத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மீனவர் பலரின் உயிரைப் பறித்ததை இக்கரையோரம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் வரும் எண்ணை, இதுவரை வராத எண் என்ற ஒரே காரணத்துக்காகப் பெட்டி விழுங்கிவிடுமாயின், அக்கருவியை அங்கு நிறுத்திய நோக்கமே வீணாகும்.

இனி ஒப்புக்குரிய பொருளைப் பற்றி ஒரு சொல். தானியங்கித் திருத்தம் அனைத்தும் ஏதோ ஓர் ஒப்புப் பொருளை மாறாததெனக் கொள்கிறது. அவ்வொப்புப் பொருளே நகர்ந்தால் கருவி மிக ஒழுங்காகத் தவறும். இவ்வூரின் பழைய வரலாறு இதற்கு நல்ல விளக்கம். சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் நிறுவிய வானாய்வு நிலையத்தில், 1852 முதல் 1865 வரை ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் பூமியின் காந்தப்புலத்தை ஆராய்ந்தார். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்திய மலையின் உச்சியிலும் ஒரு நிலையம் அமைத்து, இவ்வூர் உதவியாளர்களைக் கொண்டு இடைவிடாமல் அவதானங்கள் எடுத்தார். அக்காலத்துக் கருவி இழையில் தொங்கிய காந்தமே. காந்தம் சூடேறினால் அதன் வலிமை குறையும். கருவியின் மாற்றம் எது, பூமியின் மாற்றம் எது என்று பிரித்தறிவதே அவதானியின் முழு உழைப்பாக இருந்தது. நூறாண்டுக்குப் பின்னர், 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவிலிருந்து, அப்பத்தாண்டிலேயே புரோட்டான் காந்தமானிகள் விண்ணில் அனுப்பப்பட்டன. காந்த நடுக்கோட்டின் அருகில் இவ்வூர் அமைந்திருப்பதே தும்பாவைத் தேர்ந்ததற்குக் காரணம். புரோட்டான்கள் புலத்துக்கேற்ற அதிர்வெண்ணில் சுழலும். இங்குள்ள ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா புலத்தில் விநாடிக்கு 1,700 சுழற்சி அளவில் அமையும். அவ்விகிதம் இயற்கையின் மாறிலி. வெயிலாலோ வயதாலோ மாறாது. கருவியைச் செய்தவரும் அதனை மாற்ற முடியாது. இத்தகைய ஒப்புப் பொருள் கிடைக்கும் இடங்களில் தானியங்கித் திருத்தத்தை மனமார நம்பலாம். கிடைக்காத இடங்களில், ஆண்டுக்கொரு முறையேனும் தனியே அளவுதிருத்தம் பெற்ற கருவியைக் கையில் எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது. பயணப்படியை மிச்சப்படுத்துவதற்காக இவ்வழக்கத்தை ஒழிப்போர், மலிவாகப் பெறும் பதிவுகளின் மதிப்பையும் அத்துடன் மலிவாக்கிவிடுகின்றனர்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்ல விரும்புகிறேன். இதற்குத் தேவை மூன்று வெப்பமானிகளே. மூன்றையும் மேசைமேல் வைத்து, எது தவறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு விதியை மாணவரே எழுதட்டும். பெரும்பான்மையினின்று இரு டிகிரி விலகினால் பழுது என்பதுபோல் எதையேனும் எழுதுவர். ஒரு வெப்பமானியின் குமிழை உள்ளங்கையால் மூடுங்கள். அவ்விதி அதனைச் சரியாகப் பிடிக்கும், வகுப்பு மகிழும். அடுத்து, இரண்டின் குமிழ்களைக் கையால் மூடுங்கள்; இப்போது அவ்விதி, அறையின் வெப்பத்தை உண்மையாகக் காட்டும் மூன்றாவதையே குற்றவாளியாக்கும். கடைசியாக மூன்றின் குமிழ்களிலும் ஈரத்துணியைச் சுற்றி விசிறுங்கள். மூன்றும் தாழ்ந்து, ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும்; விதியும் பழுது ஏதுமில்லை என்று கூறும். அறையின் வெப்பமோ அவ்வளவன்று. அதன் பின்னர் விதியைத் திருத்தி எழுதும்படி மாணவரிடம் விடுங்கள்; அவர்கள் நான்காவதாக ஒரு வெப்பமானி கேட்பார்களா, அல்லது துணியை அவிழ்த்துப் பார்ப்பார்களா என்பதைக் கவனித்து எழுதி வைக்கவும்.